மட்டாஞ்சேரியில் பகல் முகாம்: குருளையரும் அவர்தம் குடும்பத்தாரும்

கேரளப் பள்ளிகள் மார்ச் இறுதியில் மூடப்பட்டு ஜூன் தொடக்கத்தில் மீண்டும் திறக்கப்படும் வரையிலான இரண்டு மாதங்களே சாரணர் இயக்கத்தின் இளைய பிரிவினருக்கு முகாம் நடத்த வாய்க்கும் காலம். கொச்சிக் கடற்கரையில் வெயிலும் புழுக்கமும் பிற்பகல் இடியும் உச்சத்தில் நிற்பதும் அதே இரண்டு மாதங்களில்தான். இளைய பிரிவினர் என்று இங்கே குறிக்கப்படுவோர், பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் 5 வயதுக்கு மேல் 10 வயது வரையுள்ள சிறுவர்களான குருளையரும் அதே வயதுச் சிறுமியரான நீலப்பறவையரும் ஆவர். பள்ளிப் பேச்சில் இவர்களைக் கப் என்றும் புல்புல் என்றும் அழைப்பது வழக்கம். ஆறு பேர் சேர்ந்தால் சிக்ஸ் எனப்படும் ஓர் அணி. அவர்களுள் ஒருவர் அதன் தலைவரான சிக்ஸர். இத்தகைய நான்கு அணிகள், அதாவது 24 பேர், ஒரு குருளையர் கூட்டத்தின் முழு அளவு. இவ்வயதுக் குழந்தைகள் வீட்டைவிட்டு இரவு தங்கப் பழகாதவர்கள் ஆதலால், காலையில் கூடி அன்றே கலையும் பகல் முகாமே அவர்களுக்கு ஏற்றது. அம்முகாம் நன்றாக அமைவதும் அலங்கோலமாக முடிவதும், வரும் குடும்பத்தாருக்கு என்ன வேலை ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே இருக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

குடும்பத்தாருக்கு வேலை கொடுப்பது நம் நாட்டுச் சாரணர் மரபில் இயல்பாக வருவதில்லை. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன்-பவல் சிறுவர்களைக் கொண்டு நடத்திய முகாமிலிருந்து வளர்ந்த இவ்வியக்கத்தில், 1916இல் சிறு பிள்ளைகளுக்கென ஓநாய்க்குட்டிகள் பிரிவு முறையாகத் தொடங்கப்பட்டபோது, கிப்ளிங்கின் காட்டுக் கதைகளிலிருந்து அகேலா என்னும் தலைமை ஓநாயின் பெயரை எடுத்துக் கூட்டத்தின் பொறுப்பாசிரியருக்குச் சூட்டினார்கள். அமெரிக்காவில் இதே பிரிவு 1930இல் தொடங்கியபோது வேறு வழியில் சென்றது: பிள்ளைகள் ஏதேனும் ஒரு வீட்டில் சிறு குழுவாகக் கூடினார்கள், அக்கம்பக்கத்துத் தாய்மார் அக்குழுவுக்குத் துணைநின்றார்கள், அதனால் குடும்பம் தொடக்கத்திலிருந்தே உள்ளே இருந்தது. இந்தியாவிலோ, 1950 நவம்பர் 7 அன்று பல அமைப்புகள் இணைந்து பாரத சாரணர் இயக்கம் உருவான பிறகும், பெரும்பாலான கூட்டங்கள் பள்ளிகளிலேயே இயங்கிவருகின்றன. ஆசிரியரே அகேலா, பள்ளி மைதானமே களம், பெற்றோரின் பங்கு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுச் சீருடை வாங்கிக் கொடுப்பதோடு முடிகிறது. அத்தகைய பெற்றோரை ஒருநாள் திடீரென முகாமுக்கு அழைத்து நாற்காலி போட்டு உட்காரவைத்தால், அவர்கள் கைப்பேசியில் தம் பிள்ளையைப் படமெடுப்பதும், தாகமாக இருக்கிறதா என்று நடுவில் வந்து கேட்பதும், பதினொரு மணிக்குக் களைத்துப்போய் பிள்ளையை அழைத்துக்கொண்டு கிளம்புவதும் தவிர வேறென்ன செய்வார்கள்? குறை அவர்களிடம் இல்லை, உட்காரவைத்தவர்களிடம்தான் இருக்கிறது.

கொச்சியின் மட்டாஞ்சேரியில் முகாம் அமைப்போர் முதலில் நாட்காட்டியை எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். சில சதுர கிலோமீட்டருக்குள் மலையாளிகளுடன் கொங்கணியர், குஜராத்தியர், கச்சி மேமன்கள், தமிழ் பேசுவோர், தெலுங்கு பேசுவோர் எனப் பல சமூகத்தார் தத்தம் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் சமணக் கோயிலும் சூழ நெருங்கி வாழும் ஊர் இது. வெள்ளிக்கிழமை நண்பகல் இஸ்லாமியக் குடும்பங்களுக்குத் தொழுகை நேரம். அன்று மட்டாஞ்சேரி அரண்மனை அருங்காட்சியகமும் மூடியிருக்கும். ஞாயிறு காலை கிறித்தவக் குடும்பங்களுக்குத் திருப்பலி. சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள் என்பதால் 1568இல் கட்டப்பட்ட பரதேசி சினகாகில் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. ஆயினும் மற்ற எல்லோரும் வரக்கூடிய நாள் அதுவே. ஏப்ரல் நடுவில் விஷுவும் தமிழ்ப் புத்தாண்டும், அதனை ஒட்டி முன்னோ பின்னோ புனித வாரமும் வரும். இவற்றையெல்லாம் தள்ளிப் பார்த்தால் ஏப்ரலின் கடைசிச் சனிக்கிழமையும் மே மாதத்தின் முதல் இரண்டு சனிக்கிழமைகளும் எஞ்சுகின்றன. மே மாதம் முதிர முதிரக் கோடைமழை நெருக்கமாகப் பெய்யத் தொடங்குவதால் அதற்குப் பிந்திய நாட்களை நம்பிக் களத்தை முடிவுசெய்வது கடினம்.

நாளைவிட நேரமே முகாமின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. பள்ளி நேரத்தைப் பார்த்து ஒன்பது மணிக்குத் தொடங்கி நான்கு மணிக்கு முடிக்கும் பழக்கம் கொச்சியின் கோடைக்கு முற்றிலும் பொருந்தாது. கேரளத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் கோடையில், வெயிலில் வேலைசெய்வோருக்கு நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வளிக்க வேண்டுமென வேலைநேரத்தை மாற்றியமைத்து ஆணையிடுகிறது. உழைத்துப் பழகிய பெரியவர்களுக்கே ஆகாத வெயிலில் ஆறு வயதுப் பிள்ளைகளை ஓடவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையமோ, கோடை இடிமழைக் காலத்தில் பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை மின்னல் ஆபத்து மிகுதி என்று எச்சரித்துவருகிறது. இவ்விரு வரம்புகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் முகாமின் கால அட்டவணை தானாகவே வந்துவிடும்: காலை 7 மணிக்குக் கொடியேற்றம், 10 மணி வரை திறந்த வெளி, அதன்பின் நிழலிலும் தாழ்வாரத்திலும் கைவேலை, 12 மணிக்குக் கூரையின் கீழ் உணவு, பிற்பகல் 2 மணிக்கு முன்பாக எல்லோரும் வீடு சேர்தல். உணவுக்கு முன் ஐந்து மணிநேரமே நடக்கும் முகாம் சிறியது என்று நினைப்போர் உண்டு. எட்டு வயதுப் பிள்ளையின் கவனமும் உடலும் ஒருநாளில் தாங்கக்கூடிய அளவும் ஏறத்தாழ அதுதான் என்பதை நடத்திப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

கொச்சி வெயிலின் இயல்பு தமிழகத்தின் உள்நாட்டு வெயிலிலிருந்து வேறானது என்பதைத் திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்து குடியேறிய குடும்பங்கள் முதல் கோடையிலேயே உணர்கின்றன. வெப்பமானி 33 அல்லது 34 டிகிரியைத்தான் காட்டும். திருச்சியில் அதை வெயில் என்றே சொல்லமாட்டார்கள். ஆனால் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் உடலில் சுரக்கும் வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டேயிருக்கிறது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது என்பதால், வழிந்தோடும் வியர்வை நீரையும் உப்பையும் இழக்கச் செய்வதல்லாமல் உடலைக் குளிர்விப்பதில்லை. சிறு பிள்ளைகள் விளையாட்டு மும்முரத்தில் தாகத்தை உணர்வதில்லை என்பது இதனுடன் சேரும்போது ஆபத்து இரட்டிப்பாகிறது. வழக்கத்துக்கு மாறாக அமைதியாகிவிட்ட பிள்ளை, காரணமின்றி எரிச்சல்படும் பிள்ளை, தலைவலி என்றோ வாந்தி வருகிறது என்றோ சொல்லும் பிள்ளை, கழிவறைக்கே போகாத பிள்ளை ஆகியோரை உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, உடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, விசிறிவிட்டு, சிறுகச் சிறுக நீர் கொடுக்க வேண்டும். குழப்பமாகப் பேசினாலோ தள்ளாடினாலோ நினைவு தடுமாறினாலோ அது வெப்பவாதம், அப்போது குளிர்விப்பதை நிறுத்தாமலேயே 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். வாய்வழி நீரேற்று உப்புப் பொட்டலம் கைவசம் இல்லையெனில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு சமதேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுப்பது எல்லா வீடுகளிலும் தெரிந்திருக்க வேண்டிய அளவு.

முகாமில் இரண்டு பெரியவர்களுக்குத் தண்ணீர் மட்டுமே பொறுப்பாக இருக்க வேண்டும். வேறெந்த வேலையும் அவர்களுக்குத் தரலாகாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் அணியாகச் சென்று, பிள்ளைகள் கேட்கும்வரை காத்திராமல் குவளையை நீட்டுவதும், அணியின் பெயருக்கு நேரே அட்டையில் ஒரு கோடு இடுவதும் அவர்கள் வேலை. எளிய வேலையாகத் தோன்றினாலும் இதைச் சொல்லிக் கொடுத்துச் செய்யவைக்கும் முகாமில் மயங்கி விழும் பிள்ளைகளைக் காண்பது அரிது. தண்ணீரின் தரமும் இங்கே பெரிய செய்தி. மட்டாஞ்சேரி அடங்கிய மேற்குக் கொச்சிக்குக் குழாய்நீர் மூவாற்றுப்புழை ஆற்றங்கரையிலுள்ள பாழூர் நீரேற்று நிலையத்திலிருந்து வருகிறது. 2023 தொடக்கத்தில் அங்கே மோட்டார்கள் பழுதானபோது வாரக்கணக்கில் லாரித் தண்ணீரை நம்பி நின்ற அனுபவம் இவ்வூர்க் குடும்பங்களுக்கு மறந்திருக்காது. 2024 கோடையில் எறணாகுளம் மாவட்டத்தின் வேங்ஙூரில் குடிநீர் வழியே மஞ்சள் காமாலை பரவி உயிரிழப்பு வரை சென்றது. ஆகவே முகாமுக்கு வரும் நீர் முந்தைய நாள் இரவே கொதிக்கவைத்து ஆறவிடப்பட்டதாக இருக்க வேண்டும். கேரள வீடுகளில் சீரகமோ பதிமுகச் செதுக்கலோ போட்டு நீரைக் கொதிக்கவைக்கும் வழக்கம் இருப்பதால் இதை யாருக்கும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு ஐந்து லிட்டர் என்று பங்கிட்டுக்கொண்டால் எந்த வீட்டுக்கும் சுமையாகாது. கொதித்த நீருடன் பச்சைத் தண்ணீரில் செய்த ஐஸ் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது மட்டும் அவசியம், ஏனெனில் எலுமிச்சைச் சாற்றில் ஐஸ் போடும் ஆர்வத்தில் முந்தைய நாள் உழைப்பெல்லாம் வீணாகக்கூடும்.

இனிக் குடும்பத்தாரின் பணி. இதில் மற்றெல்லாவற்றுக்கும் முந்தைய விதி ஒன்று உண்டு: எந்தப் பெற்றோரையும் தம் பிள்ளை இருக்கும் அணிக்குத் துணையாக அனுப்பக்கூடாது. தாய் அருகில் நின்றால் எட்டு வயதுப் பையன் முடிச்சுப் போடுவதை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பான். அவளும் கயிற்றை வாங்கித் தானே முடிச்சைப் போட்டுக்கொடுத்துவிடுவாள். அதே தாயை வேறோர் அணிக்கு அனுப்பினால், அந்நியப் பிள்ளைகளிடம் அவர் காட்டும் பொறுமையும் கண்டிப்பும் சரியான அளவில் அமைகின்றன. பிள்ளையோ தூரத்திலிருந்து அம்மா பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்துப் பெருமைகொள்கிறான். பிரிட்டனின் சாரணர் அமைப்பு, வெளிக்களத்தில் குருளையர் எட்டுப் பேருக்கு ஒரு பெரியவர் என்றும் அதனினும் சிறிய பிரிவினர் ஆறு பேருக்கு ஒருவர் என்றும் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது. மட்டாஞ்சேரியின் குறுகிய தெருக்களில் நடக்கும்போது இதனினும் நெருக்கமாக, ஓர் அணிக்கு இரண்டு பெரியவர்கள், முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக, இருப்பதே தக்கது. இரண்டு பேர் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு: எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையுடனும் தனித்திருக்கலாகாது என்பது உலகச் சாரணர் இயக்கம் பாதுகாப்புக்கென வகுத்துள்ள நெறிகளுள் அடிப்படையானது, கழிவறைக்கு அழைத்துச் செல்வதும் இதில் அடங்கும். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ நுழைவாயிலில் பெரிதாக எழுதிவைப்பதோடு, காலையில் பிள்ளையை ஒப்படைத்தவர் யார், பிற்பகலில் அழைத்துச் செல்ல உரிமையுள்ளவர் யார் என்பதைக் கையெழுத்துடன் பதிந்துகொள்வதும் இன்றியமையாதது. கூட்டுக் குடும்பங்கள் மிகுந்த இவ்வூரில் சித்தப்பாவோ மாமாவோ வந்து நின்று அழைத்துப்போவது இயல்பு என்பதால் பெயர் எழுதும்போதே அவர்களையும் எழுதச் சொல்லிவிட்டால் வாயிலில் மனக்கசப்பு நேராது.

தாத்தா பாட்டிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் பகல் முகாமின் உண்மையான செல்வம் அவர்களே. ஓடியாட இயலாதவர்கள் என்று அவர்களை வீட்டில் விட்டுவருவது வழக்கம். ஆயினும் கிடங்குகளில் சுக்கைப் புடைத்துத் தரம் பிரித்த பாட்டி, படகுத்துறையில் மூட்டை கட்டிய தாத்தா ஆகியோரிடம் உள்ள கைத்திறனில் பாதிகூட முகாம் கையேடுகளில் இல்லை. சாரணர் பயிற்சியில் கிம் விளையாட்டு என்றொன்று உண்டு: ஒரு தட்டில் இருபது பொருள்களைப் பரப்பி, ஒரு நிமிடம் காட்டித் துணியால் மூடிவிட்டு, நினைவிலிருந்து சொல்லச் செய்வது. கிப்ளிங் 1901இல் வெளியிட்ட நாவலின் சிறுவன் பெயரால் வழங்கும் இவ்விளையாட்டைக் கண்ணுக்குப் பதிலாக மூக்கைக் கொண்டும் ஆடலாம். அதற்கு, 1957 முதல் மிளகுச் சந்தைச் சங்கம் இயங்கிவந்த மட்டாஞ்சேரியைவிடப் பொருத்தமான ஊரைக் காண்பது கடினம்.

வெள்ளைப் பருத்தித் துணியில் தைத்த சிறு பைகளில் மிளகு, சுக்கு, ஏலம், கிராம்பு, பட்டை, ஜாதிக்காய், ஜாதிபத்திரி, விரலி மஞ்சள் ஆகியவற்றை இட்டு வாயை இறுகக் கட்டி எண்ணிட வேண்டும். மிளகைப் பொடியாக வைத்தால் முதல் அணி தும்மித் தீர்க்கும் என்பதால் முழு மணியாகவும், ஏலக்காயைச் சற்றே நசுக்கியும் வைப்பது நல்லது. நான்கு பைகளை முகர்ந்ததும் மூக்கு மந்தமாகிவிடும்; அப்போது தன் முழங்கையின் உட்புறத்தைச் சற்று முகரச் சொன்னால் மீண்டும் மணம் பிரித்தறிய வருகிறது. மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகளுக்கு முகரும் வேலையைத் தராமல் விடை குறிக்கும் வேலையைத் தர வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறுவது ஜாதிக்காயிலும் ஜாதிபத்திரியிலுமே. இரண்டும் ஒரே கனியில் விளைபவை என்றும், கொட்டையை வலைபோல் சுற்றியிருக்கும் சிவந்த உறையே பத்திரி என்றும் ஒரு பாட்டி பையை அவிழ்த்துக் காட்டிச் சொல்லும்போது, தடுமாறிய பிள்ளைகள் தோற்றதாக எண்ணாமல் ஒரு மறைபொருளைக் கண்டுபிடித்தவர்களாக முகம் மலர்கிறார்கள். எந்த வீட்டில் எந்த மணம் சமையலில் புழங்குகிறதோ அந்த வீட்டுப் பிள்ளை அதை உடனே சொல்லிவிடுவதும், வேறு மொழி பேசும் பிள்ளை அதே பொருளுக்குத் தன் வீட்டுப் பெயரைச் சொல்வதும், ஒரு பைக்கு நான்கைந்து பெயர்கள் அட்டையில் சேர்வதும் இவ்விளையாட்டின் போக்கிலேயே நிகழ்கின்றன.

முடிச்சுப் பயிற்சிக்கு நைலான் கயிறு ஆகாது. வழுக்குவதால் சதுர முடிச்சு எனப்படும் ரீஃப் முடிச்சு தானாகவே தளர்ந்து, பிள்ளை தான் தவறு செய்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். தென்னை நார்க்கயிறு நன்கு பிடித்துக்கொண்டாலும் பிஞ்சு விரல்களைக் குத்தும். முதலில் விரல் தடிமனுள்ள பருத்திக் கயிற்றில், இரு முனைகளுக்கும் இரு நிறம் தோய்த்து, ஒன்றரை மீட்டர் நீளத்தில் கொடுத்துப் பழக்கிய பிறகு நார்க்கயிற்றுக்கு மாறுவது முறை. கயிறு என்பது வெறும் பயிற்சிப் பொருளாக நின்றுவிடாமல் பிழைப்பின் கருவியாகவும் இருப்பதைப் பிள்ளைகள் காண வேண்டுமானால், கோட்டைக் கொச்சி வேளியிலுள்ள தோபிகானாவுக்கு அழைத்துச் செல்லலாம். டச்சுக்காரர்கள் தம் படையினரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்ப் பகுதிகளிலிருந்து அழைத்துவந்த வண்ணார் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் மக்கள் இன்றும் அங்கே கையால் துவைக்கிறார்கள். இப்போதுள்ள கட்டடம் 1976இல் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக்கொடுத்தது. துணி காயப்போடும் வெளியில் இரட்டை நார்க்கயிறுகளை முறுக்கி இழுத்துக் கட்டியிருப்பார்கள். துணியின் ஓரத்தை அந்த முறுக்குக்கு இடையில் செருகினால் கிளிப் ஏதுமின்றி, கடற்காற்று எவ்வளவு அடித்தாலும், துணி அங்கேயே நிற்கும். முறுக்கு இறுகி இருப்பதால்தான் பிடிப்பு வருகிறது என்பதை ஒரு பிள்ளை தானே விரலை உள்ளே விட்டுப் பார்த்து அறிவது, கரும்பலகையில் வரைந்து காட்டும் எந்த முடிச்சுப் பாடத்தையும்விட ஆழமாகப் பதிகிறது. சிரட்டைக் கரியிட்ட இஸ்திரிப் பெட்டியின் எடையைத் தூக்கிப் பார்க்க அனுமதித்தால் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. முன்கூட்டியே அச்சமூகத்தாரின் சங்கத்திடம் அனுமதி பெறுவதும், காலை 8 மணிக்கு முன்னரே போய் அவர்கள் வேலைக்கு இடையூறின்றித் திரும்புவதும், உழைப்போரை அனுமதியின்றிப் படமெடுக்காதிருப்பதும் மரியாதையின் பாற்பட்டவை. அங்கே பேசப்படும் தமிழைக் கேட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பெரியவர்களைத் தாமாகவே அண்ணா என்றும் பாட்டி என்றும் அழைக்கத் தொடங்குவது இயல்பு.

தடக்குறி பின்தொடர்தல், அதாவது அம்பு, கற்குவியல், குறுக்குக் கோடு முதலிய அடையாளங்களைப் பார்த்து முன்சென்ற அணியைக் கண்டுபிடித்தல், ஊருக்குள் நடத்தக்கூடிய பயிற்சிகளில் பிள்ளைகள் மிகவும் விரும்புவது. பழமையான சுவர்களில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதலாகாது. தென்னை ஓலைக் கீற்றும் கூழாங்கற்களும் போதும், கடைசி அணி அவற்றைப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும். பஜார் சாலையில் லாரிகளும் கைவண்டிகளும் நெரிக்கத் தொடங்குவதற்கு முன், காலை 7.30க்குள் தொடங்கி, அரண்மனை வாயில், யூதர் தெரு, 1760இல் எழுந்த மணிக்கூண்டு என்ற சிறு வட்டத்துக்குள் முடித்துவிடுவது பாதுகாப்பானது. போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்து, பின்னர் டச்சுக்காரர் செப்பனிட்ட அரண்மனையின் இராமாயணச் சுவரோவியங்களைப் பார்க்க வேண்டுமெனில் அதற்கு வேறொரு நாளை ஒதுக்குவதே முறை. ஓடிக் களைத்த பிள்ளைகளுக்கு ஓவியம் கண்ணில் படாது. வட்டத்துக்குள் ஒரு புள்ளி என்னும் இறுதிக் குறி, தடம் இங்கே முடிந்தது, நான் வீடு திரும்பிவிட்டேன் என்று பொருள்படும். 1941இல் கென்யாவின் நியேரியில் மறைந்த பேடன்-பவலின் கல்லறையில் அக்குறியே பொறிக்கப்பட்டிருக்கிறது.

படகுப் பயணத்தை முகாமில் சேர்க்கலாமா என்பது நீர் சூழ்ந்த இவ்வூரில் ஒவ்வோர் ஆண்டும் எழும் கேள்வி. 2007 பிப்ரவரி 20 அன்று இதே மாவட்டத்தின் தட்டேக்காட்டில் சுற்றுலாப் படகு பெரியாற்றில் மூழ்கி, ஒரு பள்ளியின் 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் இறந்தனர். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில், கோடை விடுமுறையின் ஒரு ஞாயிறு மாலையில், அளவுக்கு மீறி ஆளேற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். இவ்விரு நிகழ்வுகளையும் அறிந்த எவரும் தனியார் உல்லாசப் படகை வாடகைக்கு எடுக்கத் துணியக்கூடாது. ஏறுவோரின் எண்ணிக்கை வாயிலிலேயே கணக்கிடப்படும் வாட்டர் மெட்ரோ படகுச் சேவை 2023 ஏப்ரலில் தொடங்கி, 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரியிலும் நிலையம் திறந்திருப்பதால், பயணம் வேண்டுமெனில் அதுவே வழி. அப்போதும் ஒவ்வொரு பெரியவருக்கும் பெயர் சொல்லி மூன்று பிள்ளைகளை ஒப்படைத்து, ஏறும்போதும் இறங்கும்போதும் அவரே எண்ணிச் சொல்ல வேண்டும். கோட்டைக் கொச்சிக் கடலில் இறங்கிக் குளிப்பதை எக்காரணத்தாலும் அனுமதிக்கலாகாது.

இடி கேட்டால் செய்ய வேண்டியதைப் பிள்ளைகளுக்கே விளையாட்டாகக் கற்றுத் தரலாம். மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்கி, முப்பதுக்குள் இடி கேட்டுவிட்டால் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பின் அரைமணிநேரம் வெளியே வரக்கூடாது. கோட்டைக் கொச்சியின் பரேட் மைதானத்தைச் சுற்றியுள்ள பெரிய மழைமரங்கள் வெயிலுக்கு அருமையான நிழல், மின்னலுக்கோ மிக மோசமான ஒதுங்கிடம் என்பதைப் பெற்றோரும் அன்றே கேட்டுக்கொள்வார்கள்.

உணவு விஷயத்தில் விவாதங்கள் பெருகும் முன்பே முடிவெடுத்துவிட வேண்டும். கஞ்சியும் பயறும், ஊறுகாயும் பப்படமும், நீர்மோரும் என்றால் எந்தச் சமயத்தாரும் எந்தச் சமூகத்தாரும் ஒரே பந்தியில் உட்காரலாம். வெங்காயமும் பூண்டும் இல்லாமல் பயற்றைச் சமைத்துவிட்டால் சமணக் குடும்பமும் சேர்ந்துகொள்ளும். வீட்டுக்கு வீடு பதார்த்தம் செய்து கொண்டுவரட்டும் என்ற யோசனை அன்பானதே, ஆனால் தேங்காய் அரைத்த கறிகள் இப்புழுக்கத்தில் நண்பகலுக்குள் ஊசிப்போகும் என்பதால் அங்கேயே பொங்கி அங்கேயே பரிமாறுவது பாதுகாப்பு. 2020 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைக் கேரளம் தடைசெய்திருப்பதும் வசதியாகவே அமைகிறது: ஒவ்வொரு பிள்ளையும் தன் தட்டையும் குவளையையும் கொண்டுவந்து, தானே கழுவி எடுத்துப்போவது குருளையர் பயிற்சியின் ஒரு பகுதிதான். அடுப்பங்கரையில் தந்தையரும் இருக்க வேண்டும். பெண்கள் சமையல், ஆண்கள் பந்தல் என்று பிரித்துவிட்டால், ஒருவருக்கொருவர் உதவுவதாக உறுதிமொழி எடுக்கும் பிள்ளைகளுக்கு நாம் காட்டும் பாடம் வேறாகிவிடும்.

முகாமின் நடுவே சர்வசமயப் பிரார்த்தனைக்கு இடமுண்டு. இயக்கத்தின் பழைய வழக்கமான இதில் ஒவ்வொரு சமயத்தின் வாசகத்தையும் அச்சமயத்தைச் சேர்ந்த பிள்ளையே சொல்கிறது. மட்டாஞ்சேரியில் இதைச் செய்வதற்கு எவரையும் தேடிப்போக வேண்டியதில்லை. வாசகத்தைத் தேர்ந்தெடுத்துச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு அவ்வக் குடும்பத்துக்கே உரியது. கால் நிமிடத்துக்கு மேற்போகாதிருக்கட்டும் என்பது மட்டும் அகேலாவின் கட்டளையாக இருக்கலாம்.

2025 ஜனவரி இறுதியில் திருச்சி மாவட்டம் மணப்பாறையில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைரவிழாப் பெருந்திரளணி கூடியபோது நாடெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கானோர் கூடாரமிட்டுத் தங்கினார்கள். அத்தகைய திருவிழாவுக்குப் போகக்கூடிய வயதை எட்டுவதற்கு முன்பே, பள்ளிச் சுமை கூடியது என்று இயக்கத்தை விட்டுவிடும் பிள்ளைகள் பலர். விடவைப்பது பெரும்பாலும் வீடு. முகாமில் வேலை செய்து வியர்த்த வீடுகள் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. எனவே பிற்பகல் ஒன்றரை மணிக்கு, பாத்திரங்கள் கழுவப்பட்ட பின், குடும்பத்தார் கலைவதற்கு முன்பாகவே இரண்டு காரியங்களை முடித்துவிடுவது நல்லது: அரிசிக்கும் பயற்றுக்கும் கயிற்றுக்கும் ஆன செலவை எல்லோர் முன்னிலையிலும் வாசித்து மிச்சத்தைப் பதிவது ஒன்று, ஜூனில் பள்ளி திறந்த பின் நடக்கும் முதல் நான்கு வாரக் கூட்டங்களுக்கு, வாரத்துக்கு இரண்டு பெரியவர்களாக, பெயர் எழுதி வாங்கிக்கொள்வது மற்றொன்று.